உண்மைச் சம்பவம் என்று தொடங்கும் படம், இரண்டாகப் பிரிந்த அரங்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருவாரூருக்கும் கடற்கரைக்கும் நடுவில் இருக்கிற ஒரு சின்ன டவுன். அங்கே ஒரு நூலகத்தின் மாடியில் மாதம் ஒருமுறை படம் போட்டுப் பேசுகிற வட்டம் ஒன்று சில வருடங்களாக நடந்து வருகிறது. ரிட்டயர் ஆன ஆசிரியர்கள், வக்கீல்கள், கல்லூரிப் பிள்ளைகள், விவசாயம் பார்க்கிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், சுகாதாரத் துறையில் வேலை பார்ப்பவர்கள் என்று எல்லா மாதிரியும் வருவார்கள். நடவு நேரத்தில் கூட்டம் குறையும். சம்பா அறுப்பு முடிந்து நெல்லைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் மூச்சு விடுகிற மாசி, பங்குனியில் மாடி நிறைந்துவிடும். இங்கே எழுதுவது அப்படி நிறைந்திருந்த, 'ஜீரோ டார்க் தர்ட்டி' என்ற படத்தைப் போட்ட ஒரு சனிக்கிழமையைப் பற்றியும் அதைத் தொடர்ந்து நடந்ததைப் பற்றியும்.

நானும் அந்த வட்டத்தில் ஒரு உறுப்பினர்தான், பேச்சைக் குறிப்பெடுக்கிற பொறுப்பு என்னுடையது. யாருடைய பெயரையும் எழுதவில்லை. மற்ற ஊர்களில் இப்படிப் படம் போட்டுப் பேசுகிறவர்கள் இதே மாதிரி ஒரு மாலையைச் சந்திப்பார்கள் என்று நிச்சயமாகத் தெரிகிறது, அதனால்தான் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எழுதி வைக்கிறேன்.

படத்தைத் தேர்ந்தெடுத்த விதம்

ராணுவத் தேடுதல் வேட்டையைப் பற்றி, நிஜமாக நடந்ததை வைத்து எடுத்த படம் ஒன்று வேண்டும் என்று கல்லூரிப் பிள்ளைகள்தான் கேட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் ரிட்டயர் ஆன தலைமையாசிரியை, எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'. அவர் 'ஜீரோ டார்க் தர்ட்டி'யைச் சொன்னார். கேத்ரின் பிக்லோ இயக்கி 2012 டிசம்பரில் வெளிவந்த படம். மார்க் போல் எழுதியது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் தொடங்கி, பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் 2011 மே 2 அதிகாலையில் ஒசாமா பின்லேடன் சுட்டுக்கொல்லப்பட்டதோடு முடிகிறது. இவர்கள் இருவரும் முதலில் தயார் பண்ணிக்கொண்டிருந்தது வேறு படம். 2001 கடைசியில் ஆப்கானிஸ்தானின் டோரா போரா மலையில் அவரைப் பிடிக்க முடியாமல் போனதைப் பற்றியது அது. நடுவில் மே மாதச் செய்தி வந்ததும் கதையையே மாற்றிவிட்டார்கள்.

இந்த ஒரு விஷயத்திலேயே டீச்சருக்கு ஆர்வம் வந்தது. செய்தியின் சூடு ஆறும் முன்னால் எடுத்த படத்தில் எவ்வளவு உண்மை இருக்கும், எவ்வளவு அவசரம் இருக்கும், அதைப் பேசலாமே என்றார்.

திரையிடலுக்கு முன் எடுத்த முடிவுகள்

முதல் அரை மணி நேரம் சித்திரவதைக் காட்சிகள் நிறைய. அதனால் 18 வயதுக்குக் கீழே யாரையும் கூட்டிவர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பார்க்க முடியாதவர்கள் வராந்தாவில் உட்காரலாம் என்று அங்கே நாற்காலி போட்டார்கள். படத்தில் பெயர்கள் அதிகம், அதிலும் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பெயர், வேகமாக ஓடும் ஆங்கில சப்டைட்டிலைப் பிடித்துப் படிப்பது எல்லோராலும் ஆகாது. அதனால் யார் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள்.

விவாதம் வந்தது நான்காவது விஷயத்தில்தான். வட்டத்தில் இருக்கிற ஒரு வக்கீல், இந்தப் படத்தைச் சுற்றி அமெரிக்காவில் நடந்த சர்ச்சையைப் படம் போடும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்றார். சொல்லாமல் போட்டால் திரையில் வருவதெல்லாம் நடந்தது என்று ஜனங்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர் வாதம். டீச்சர் அதை ஏற்கவில்லை. முதலில் எல்லோரும் தங்கள் கண்ணால் பார்க்கட்டும், சர்ச்சையை முன்னால் சொன்னால் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள், படத்தைப் பார்க்க மாட்டார்கள் என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் டீச்சர் சொன்னபடி, படம் முதலில், தகவல் பிறகு என்று முடிவானது.

அன்று மாலை பார்த்தது

நேரடியாகப் பங்கேற்றவர்கள் சொன்னதன் அடிப்படையில் எடுத்த படம் என்ற வரியோடு தொடங்குகிறது. அப்புறம் திரை முழுக்கக் கருப்பு. 2001 தாக்குதல் நாளன்று கட்டடங்களில் சிக்கியவர்கள் போனில் பேசிய நிஜமான குரல்கள் மட்டும் கேட்கின்றன. புரொஜெக்டர்தான் போய்விட்டது என்று நினைத்து ஒருவர் எழுந்து வயரைத் தொட்டுப் பார்க்கப் போனார். ஒரு பெண்ணின் குரல் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டார், அந்தக் குரல் முடியும் வரை உட்காரவில்லை.

சித்திரவதைக் காட்சியில் இரண்டு பெண்கள் எழுந்து வராந்தாவுக்குப் போனார்கள். கைதியின் முகத்தில் துணியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது, கழுத்தில் நாய்ப் பட்டை மாட்டி இழுத்துப் போவது, ஒரு சின்னப் பெட்டிக்குள் மடக்கித் திணிப்பது எல்லாம் வருகிறது. அந்த நேரம் அரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை. பாகிஸ்தான் கடைத்தெரு என்று காட்டிய இடத்தில் மட்டும் ஒரு குரல் எழுந்தது. "இது சண்டிகர்ல எடுத்தது!" ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், அந்தப் பக்கம் சில வருடம் வேலை பார்த்தவர். உண்மையும் அதுதான், லாகூர் என்று காட்டுகிற பல இடங்கள் 2012இல் சண்டிகரில் எடுத்தவை. எதிர்ப்பு கிளம்பி அங்கே படப்பிடிப்பில் தகராறும் ஆனது.

இடைவேளையின்போது, எப்போதும் கடைசிவரை இருந்து நாற்காலி அடுக்கிவிட்டுப் போகிற ஒருவர், பஜாரில் கடை வைத்திருக்கும் பாய், கடையைப் பூட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் கடையில் மகன் இருக்கிறார் என்பது அங்கிருந்த பலருக்கும் தெரியும். யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடைசி அரை மணி நேரம் பின்லேடன் வீட்டில் நடக்கிற அதிரடிச் சோதனைப் படலம். இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களில் ஒன்று மதிலுக்குள் விழுவது, பச்சை வெளிச்சத்தில் படிப்படியாக ஏறுவது, குழந்தைகள் அழுவது, வீரர்கள் மெல்லிய குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆளை வெளியே வரவைப்பது. ஹவில்தார் ஐயா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மேல்தளத்தில் பின்லேடனைச் சுட்டபோது பின்வரிசையில் நாலைந்து பையன்கள் கைதட்டினார்கள். அவர் திரும்பிப் பார்த்துக் கையைத் தாழ்த்திச் சைகை காட்டினார். கைதட்டல் நின்றுவிட்டது. அந்த மாலையில் எனக்கு மறக்காத காட்சி இது, ஏனென்றால் அந்தப் பையன்களுக்கு ஆதரவாக அவர்தான் பேசுவார் என்று பலரும் நினைத்திருந்தோம்.

முதல் பேச்சு

பேச்சு தொடங்கியதும் அரங்கு இரண்டாகப் பிரிந்தது. பையன்கள் பக்கம், பத்து வருஷம் விடாமல் ஒரு பெண் அதிகாரி தேடிக் கண்டுபிடித்தாள், நிஜமாக நடந்தது, இதில் என்ன குறை என்றார்கள். வக்கீல், சித்திரவதை செய்தால்தான் உண்மை வரும் என்று இந்தப் படம் பாடம் நடத்துகிறது என்றார். ஹவில்தார் ஐயா இரண்டுக்கும் நடுவில் வேறொன்று சொன்னார். சுட்டு முடித்ததும் ஒருவனும் கொண்டாடுவதில்லை, கடைசியில் அந்தப் பெண் வேறு யாரும் இல்லாத விமானத்தில் தனியாக உட்கார்ந்து அழுகிறாள், வேலை எப்படி இருக்கும் என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை என்றார்.

இதற்கிடையில் ஒரு நல்ல விவாதம் எழுந்தது. தேடலுக்கு முக்கியமான பெயர், அதாவது பின்லேடனின் தூதுவனாக இருந்த அபு அகமது என்கிற பெயர், படத்தில் எங்கே கிடைக்கிறது? தண்ணீர் ஊற்றும்போது கைதி வாயைத் திறக்கவில்லை. பிறகு வெளியே மேஜை போட்டுச் சாப்பாடு கொடுக்கிறார்கள். பல நாள் தூக்கம் இல்லாததால் அவனுக்கு நினைவு குழம்பிப் போயிருக்கிறது, நீ ஏற்கெனவே எல்லாம் சொல்லிவிட்டாய் என்று ஏமாற்றுகிறார்கள், அவன் சாப்பிட்டுக்கொண்டே பெயரைச் சொல்கிறான். ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியர், "பாருங்க, சோறுதான் பேச வைச்சது, அடி இல்லை" என்றார். வக்கீல் உடனே, "அந்தச் சோத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சுங்கறதையும் சேர்த்துப் பாருங்க சார், தூக்கத்தைப் பறிச்சதும் சித்திரவதைதானே" என்றார். காட்சியை மறுபடி போடச் சொல்லிப் பார்த்தோம். இரண்டு பேரும் சொல்வது அந்த ஒரே காட்சியில் இருக்கிறது. இயக்குநர் அதை அப்படியே விட்டிருக்கிறார்.

தாலுகா ஆபீசில் பல வருடம் ரெக்கார்டு ரூமைப் பார்த்துக்கொண்ட ஒருவர் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார். அந்தத் தூதுவனின் நிஜப் பெயர் 2001 தாக்குதல் முடிந்த கையோடு வேறு நாட்டிலிருந்து வந்து கோப்பில்தான் இருந்தது, வருடக்கணக்காக யாரும் பிரித்துப் பார்க்கவில்லை, ஒரு சின்னப் பெண் பழைய கட்டுகளைப் புரட்டும்போது கிடைக்கிறது என்று படத்திலேயே காட்டுகிறார்கள். "எல்லாரும் அடியைப் பத்தியே பேசறீங்க, பேப்பர் அங்கேயே இருந்துச்சு" என்றார். அடியா சாப்பாடா என்று பேசிக்கொண்டிருந்த ஒருவரும் அதுவரை அந்தக் காட்சியை நினைவுக்குக் கொண்டுவரவில்லை.

சிஸ்டர் எழுந்து பேசியது

சண்டை சித்திரவதையைப் பற்றித்தான் வரும் என்று எல்லோரும் தயாராக இருந்தோம். வந்தது வேறு இடத்திலிருந்து. பின்வரிசையில் இருந்த கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் எழுந்து, தடுப்பூசி போடுகிற அந்தக் காட்சியைப் பற்றி யாருமே பேசவில்லையே என்று கேட்டார். படத்தில் அது ஒரு சில நிமிடம். பின்லேடன் இருப்பதாகச் சந்தேகப்பட்ட வீட்டுக்குள் நுழைந்து ரத்த மாதிரி எடுக்க, ஒரு டாக்டரைத் தடுப்பூசி போடுகிறவராக அனுப்புகிறார்கள். வேலை ஆகவில்லை, கதை நகர்ந்துவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அந்தக் காட்சி ஞாபகத்திலேயே இல்லை.

அவர் சொன்னதைக் குறிப்பிலிருந்து அப்படியே எழுதுகிறேன். "2017ல தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டோம். வாட்ஸ்அப்ல ஒரு வதந்தி. பள்ளிக்கூடத்துக்குப் போனா பாதிப் பிள்ளைங்க லீவு. ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, சிஸ்டர் நீங்க நல்லவங்க, ஆனா இந்த மருந்தை அனுப்புனது யாருன்னு உங்களுக்கே தெரியுமான்னு கேட்டாங்க. நான் அந்த வீட்டுக்கு வருஷக்கணக்கா போறவ. இந்தப் படத்துல வர்ற டாக்டரைப் பார்த்துட்டு அந்த அம்மா என்னை நம்புவாங்களா?"

அந்தப் பிப்ரவரியில் தமிழ்நாட்டில் முகாம் அப்படித்தான் தடுமாறியது, மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டி வந்தது. அங்கே இருந்தவர்களில் சிலரே அன்று பிள்ளைகளை அனுப்பாதவர்கள். யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு பையன் மட்டும், "அக்கா, அது படத்துக்காக வச்சிருப்பாங்க, நிஜமா இருக்காது" என்றான். அது நிஜமா இல்லையா என்று அந்த நிமிடம் உறுதியாகச் சொல்ல அரங்கில் ஒருவரும் இல்லை.

வேதாரண்யத்துப் பெரியவர்

அதற்குப் பின் வேதாரண்யம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் பேசினார். 1991 மே 1ஆம் தேதி ராஜீவ் காந்தி கொலைக்கு வந்த ஒன்பது பேர் கொண்ட குழு கோடியக்கரையில்தான் இறங்கியது. மே 21இல் கொலை, அதிலிருந்து முக்கியமானவர் ஆகஸ்டில் பெங்களூருக்கு அருகே கோணனகுண்டேயில் சாகும் வரை நடந்த தேடுதல் வேட்டையை அந்தக் கடற்கரை ஊர்கள் வாசலிலேயே பார்த்தன. அன்று அது தஞ்சாவூர் மாவட்டம், நாகப்பட்டினம் தனி மாவட்டம் ஆனது அந்த வருடம் அக்டோபரில்.

அவர் யார் பக்கமும் பேசவில்லை. ராத்திரியில் ஜீப் சத்தம் கேட்டால் எந்த வீட்டுக்கு என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்போம், மீன்பிடிக்கப் போன படகு திரும்பிவந்தால் நாலு இடத்தில் பதில் சொல்ல வேண்டும், ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது என்றாலும் தெரியாது என்று சொல்வதையே சந்தேகமாகப் பார்ப்பார்கள் என்றார். "படத்துல அபோட்டாபாத்துல பக்கத்து வீட்டுக்காரங்க மாடியில வந்து நிக்கிறாங்க பாருங்க. நான் அவங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

பேச்சை நிறுத்திய முடிவு

மணி பத்தைத் தாண்டிவிட்டது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, குரல் உயர்ந்து, 'நீங்கள் யார் பக்கம்' என்கிற கேள்வியும் வந்துவிட்டது. டீச்சர் அந்த இடத்தில் நிறுத்தினார். அடுத்த சனிக்கிழமை படம் இல்லாமல் பேச்சு மட்டும், அதற்குள் மூன்று பேர் மூன்று விஷயத்தைப் படித்துவர வேண்டும் என்றார். சித்திரவதையைப் பற்றிய பதிவுகள் வக்கீலுக்கு, தடுப்பூசி செவிலியருக்கு, சோதனையின் விவரம் ஹவில்தார் ஐயாவுக்கு.

இது சரியான முடிவு என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் அன்று நடந்த சண்டையில் பாதி, நடந்தது என்ன என்று தெரியாததால் வந்தது. அது படித்தால் தீரும். மீதிப் பாதி அவரவர் வாழ்க்கையிலிருந்து வந்தது. அதைத் தீர்க்க வேண்டிய அவசியமே இல்லை, கேட்டுக்கொண்டால் போதும். இரண்டையும் ஒரே ராத்திரியில் போட்டுக் குழப்பினால் எதுவும் ஆகியிருக்காது. பேச்சைச் சூட்டோடு முடித்துவிடுவதுதான் நல்லது, ஒரு வாரம் விட்டால் ஆட்கள் வரமாட்டார்கள் என்று இரண்டொருவர் சொன்னார்கள். அந்தக் கவலையும் நியாயமானதுதான்.

இரண்டாவது கூட்டம்

வந்தவர்கள் முதல் நாளைவிடக் குறைவு. டீச்சர் ஒரே ஒரு விதி போட்டார். படம் சரி, படம் தப்பு என்று யாரும் சொல்லக் கூடாது, ஒரு காட்சியைச் சொல்லி அதைப் பற்றி மட்டும் பேச வேண்டும்.

வக்கீல் கொண்டுவந்தது: படம் வந்த அதே 2012 டிசம்பரில் அமெரிக்க செனட்டர்கள் டயான் பைன்ஸ்டைன், கார்ல் லெவின், ஜான் மெக்கெய்ன் மூன்று பேரும் படத்தை வெளியிட்ட சோனி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். சித்திரவதையால்தான் பின்லேடன் இருக்குமிடம் தெரிந்தது என்ற தோற்றம் தவறானது என்பது அவர்கள் வாதம். இவர்களில் மெக்கெய்ன் வியட்நாமில் ஐந்து வருடத்துக்கும் மேல் போர்க்கைதியாக இருந்து தானே சித்திரவதை பட்டவர். 2014 டிசம்பர் 9இல் செனட் உளவுக் குழுவின் அறிக்கைச் சுருக்கம் வெளிவந்தது. தூதுவனைப் பற்றிய சரியான தகவலைக் கொடுத்த கைதி, கடுமையான விசாரணை முறைகளுக்கு ஆளாகும் முன்பே அதைக் கொடுத்துவிட்டார் என்று அது சொல்கிறது. வக்கீல் தன் தரப்புக்கு வசதி இல்லாததையும் மறைக்காமல் சொன்னார். அப்போது அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் பொறுப்பு இயக்குநராக இருந்த மைக்கேல் மோரல், படம் தரும் தோற்றம் தவறு என்றார், அதே மூச்சில் அப்படி விசாரிக்கப்பட்ட கைதிகளிடமிருந்து சில தகவல்கள் வந்தது உண்மை என்றும், வேறு வழியில் அவை கிடைத்திருக்குமா என்பது தீராத விவாதம் என்றும் சொன்னார். இயக்குநர் பிக்லோ, ஒன்றைக் காட்டுவது அதை ஆதரிப்பதாகாது என்று எழுதினார்.

இத்தோடு அவர் ராஜீவ் கொலை வழக்கையும் சேர்த்துச் சொன்னது பலரை நிமிர வைத்தது. சாதாரணச் சட்டப்படி போலீசிடம் கொடுக்கிற வாக்குமூலம் சாட்சியம் ஆகாது, அப்போது இருந்த, 1995இல் காலாவதியான தடா என்கிற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் எஸ்.பி. அந்தஸ்தில் உள்ளவரிடம் கொடுத்தால் ஆனது. 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு, 1999 மேயில் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை விடுவித்தது. அந்தத் தேடலில் பிடிபட்ட 19 பேர் எட்டு வருடம்போலத் தூக்குக் கயிற்றின் நிழலிலும் சிறையிலும் இருந்தார்கள் என்பதைப் பெரியவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

செவிலியர் கொண்டுவந்ததுதான் கனமாக இருந்தது. தடுப்பூசி விஷயம் கற்பனை இல்லை. சி.ஐ.ஏ.வுக்காக ஒரு பாகிஸ்தான் டாக்டர் அபோட்டாபாத்தில் தடுப்பூசி முகாம் நடத்தினார். ஆனால் நிஜத்தில் அது ஹெபடைடிஸ் பி ஊசி, படம் அதைப் போலியோ ஆக்கிவிட்டது. 2011 ஜூலையில் செய்தி வெளியானது. 2012 டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவர் பக்கத்திலும் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போனவர்களை, அதில் நிறையப் பேர் பெண்கள், சுட்டுக் கொன்றார்கள். இந்தப் படம் அமெரிக்காவில் முதலில் திரைக்கு வந்தது டிசம்பர் 19, அந்தக் கொலைகள் நடந்த அதே வாரம். பாகிஸ்தானில் 2012இல் 58 ஆக இருந்த போலியோ பாதிப்பு 2013இல் 93, 2014இல் 306. எல்லாவற்றுக்கும் இந்த ஒரு முகாம்தான் காரணம் என்று சொல்ல முடியாது, அங்கே மருந்துக்கு எதிர்ப்பு முன்பிருந்தே உண்டு, ட்ரோன் தாக்குதலைக் காட்டித் தடை போட்டவர்களும் உண்டு என்பதையும் அவரே சொன்னார். 2013 ஜனவரியில் அமெரிக்காவின் 12 பொதுச் சுகாதாரக் கல்லூரித் தலைவர்கள் அதிபருக்குக் கடிதம் எழுதினார்கள். தடுப்பூசித் திட்டங்களை இனி உளவு வேலைக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை 2014 மே மாதம் பதில் சொன்னது.

"நம்ம நாட்டுல கடைசிப் போலியோ கேஸ் 2011 ஜனவரி, ஹவுரால. 2014 மார்ச்ல போலியோ இல்லாத நாடுன்னு சான்றிதழ் கிடைச்சுச்சு. அது எப்படி வந்துச்சு? ஒவ்வொரு வாசலா போய் நின்னோம், கதவைத் திறந்தாங்க. அவ்வளவுதான்" என்றார். அந்த டாக்டர் காட்சியில் தப்பு என்று அவர் சொன்னது ஊசியின் பெயர் மாறியதை மட்டும் இல்லை. தேடலுக்காக எதை விலையாகக் கொடுத்தார்கள் என்பதைப் படம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நகர்ந்துவிடுகிறதே என்பதுதான் அவர் ஆதங்கம். சித்திரவதையைக் காட்ட அரை மணி நேரம் கொடுத்தவர்கள் இதற்கு இன்னும் இரண்டு நிமிடம் கொடுத்திருக்கலாம். இந்தப் படத்தைப் பற்றிக் கேட்டதில் எனக்கு மிக வலுவாகப் பட்ட விமர்சனம் இதுதான்.

ஹவில்தார் ஐயா சுருக்கமாகப் பேசினார். ஹெலிகாப்டர் விழுந்தது, பின்லேடனோடு அவர் மகன், தூதுவன், தூதுவனின் சகோதரன், அந்தச் சகோதரனின் மனைவி என மொத்தம் ஐந்து பேர் இறந்தது எல்லாம் படத்திலும் பதிவிலும் ஒத்துப்போகிறது, நடவடிக்கை ஏறக்குறைய 40 நிமிடம் என்றார். கைதட்டிய பையன்களைப் பற்றி யாரோ கேட்டதற்கு, "அந்த மாடிப்படியில குழந்தைங்க நின்னுச்சு. ஆளைச் சுடறது ஒரு வேலை, அதை முடிச்சா போதும்" என்றார். பையன்களில் ஒருவன், தான் கைதட்டியது விழுந்த ஹெலிகாப்டரைத் தாண்டி அவர்கள் வேலையை முடித்ததற்குத்தான் என்றான். அவனை யாரும் கடிந்துகொள்ளவில்லை, அதுவும் ஒரு உண்மையான எதிர்வினைதான்.

கடைக்கார பாய்

அந்த வாரத்திலேயே செவிலியர் பஜாரில் அவர் கடைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை வாங்க பாய் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவர் வந்தார். கடைசியில் பேசினார்.

படத்தின் மேல் தனக்குக் கோபம் இல்லை என்றார். சி.ஐ.ஏ. அலுவலகத்துக்குள் ஒரு மூத்த அதிகாரி விரிப்பு போட்டுத் தொழுகிற ஒரு காட்சி வருகிறது, அங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். ஆனால் அந்தக் காட்சி ஒரு நொடி, மற்றபடி பாங்கு சத்தம் கேட்கும்போதெல்லாம் ஏதோ ஆபத்து வரப்போகிறது என்று காது பழகிப்போய்விடுகிறது என்றார். "இடைவேளைல விளக்குப் போட்டப்ப ரெண்டு பேர் என் முகத்தைப் பார்த்தாங்க. தப்பா பார்க்கலை. நான் எப்படி எடுத்துக்கிட்டேன்னுதான் பார்த்தாங்க. அதுக்கு நான் என்ன முகம் வச்சுக்கணும்? அதான் கிளம்பிட்டேன்" என்றார்.

பார்த்தவர்களில் ஒருவர் தமிழாசிரியர். அவர் எழுந்து போய் பாய் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிறகு நடந்தது

வக்கீலும் ஹவில்தார் ஐயாவும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஒருவருக்கு அது சித்திரவதைக்கு நியாயம் தேடுகிற படம், இன்னொருவருக்கு அது ஒரு வேலையை அதன் அழுக்கோடு காட்டுகிற படம். பெரியவர் அதற்குப் பின் வரவில்லை, வேதாரண்யத்துக்கு ராத்திரியில் திரும்பப் பஸ் சரியாக இல்லை என்பதும் ஒரு காரணம். இரண்டு கல்லூரிப் பெண்கள் அந்த ஊர்களின் 1991 நினைவுகளைப் பதிவு செய்ய அவரைப் போய்ப் பார்த்து வந்தார்கள்.

செவிலியருக்கு எதிர்பாராத ஒரு பலன் கிடைத்தது. அவர் எழுதிவந்த குறிப்பைத் தன் வட்டாரச் செவிலியர்களிடம் கொடுத்தாராம். மருந்தை அனுப்பியது யார், பாட்டிலின் மேல் என்ன எழுதியிருக்கிறது, காலாவதித் தேதி எங்கே என்று வாசலில் கேட்கிற தாய்க்கு எரிச்சல் படாமல் எடுத்துக் காட்டுவது என்று அவர்கள் பேசி வைத்திருக்கிறார்கள். கேள்வி கேட்கிற அம்மாவுக்கு ஒரு காரணம் இருக்கிறது என்பது தெரிந்தபின் பேசுகிற தொனியே மாறிவிடுகிறது என்றார்.

வட்டம் மாற்றிக்கொண்டவை

நிஜச் சம்பவம் என்று சொல்லிக்கொள்ளும் படத்துக்கு முன், எது பதிவில் இருப்பது, எது படைப்பாளி சேர்த்தது என்பதைப் படம் முடிந்ததும் சொல்வோம் என்ற ஒரு வரியைத் தொடக்கத்திலேயே அறிவிக்கிறார்கள். சர்ச்சையை முன்னால் சொல்வதில்லை என்ற டீச்சரின் முடிவு அப்படியே இருக்கிறது. ஆனால் இந்தப் படத்தில் வருகிற வேலையைச் செய்தவர்கள், அப்படி ஒரு சம்பவத்தை ஊரில் பார்த்தவர்கள் நம்மில் யார் என்று முன்கூட்டியே கேட்டுவிடுகிறார்கள், முதல் பேச்சு அவர்களுக்கு. இடைவேளையில் விளக்கை முழுதாகப் போடுவதில்லை, வராந்தா விளக்கு மட்டும் எரியும். பேச்சு ஒன்பதரைக்கு நிற்கும், சூடான படமென்றால் இரண்டாவது கூட்டத்தின் தேதி முதல் நாளே நோட்டீசில் அச்சாகிவிடும்.

காட்சியைச் சொல்லித்தான் பேச வேண்டும் என்கிற விதியையும் நிரந்தரமாக்கலாமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பெரியவர் பேசிய மாதிரிப் பேச்சு வராமலே போய்விடும் என்று செவிலியர் சொல்கிறார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் ஓட்டுக்கு விடுகிறார்கள்.